பழங்குடிகளும் கிறித்தவமும்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

மிஷனரிகள் பழங்குடிகளை அழித்தார்களா, வளர்த்தார்களா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

இரண்டும் நடந்தது. சில இடங்களில் ஒரே ஆள் இரண்டையும் செய்தார். மெக்சிகோவின் யுகடான் பகுதியில் டியேகோ டி லாண்டா என்று ஒரு பிரான்சிஸ்கன் துறவி இருந்தார். 1562 ஜூலையில் மானி என்ற ஊரில் மாயா மக்களின் ஏடுகளைக் குவித்துத் தீ வைத்தார். அவற்றில் மூடநம்பிக்கையும் பேயின் பொய்யும் தவிர வேறொன்றும் இல்லை, எரித்தபோது அந்த மக்கள் தாங்க முடியாமல் வருந்தினார்கள் என்று அவரே எழுதியும் வைத்திருக்கிறார். இன்று உலகத்தில் மிஞ்சியிருக்கும் மாயா ஏடுகள் நாலே நாலு. ஆனால் அதே லாண்டா மாயா எழுத்துகளைப் பற்றி எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டுதான் 1952-இல் சோவியத் அறிஞர் யூரி நோரோசோவ் அந்த எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். வீட்டைக் கொளுத்தியவன் சட்டைப்பையிலேயே சாவியும் இருந்த கதை. இதை வரவில் எழுதுவதா செலவில் எழுதுவதா, நீங்களே சொல்லுங்கள்.

நான் பார்ப்பது வேறு ஒன்றை. மதம் வந்த நாளில் நிலம் யார் கையில் இருந்தது, சட்டம் யார் கையில் இருந்தது, பிள்ளைகள் யார் வீட்டில் தூங்கினார்கள்? போதகர் வெறுங்கையோடு வந்து, ஏற்பதும் மறுப்பதும் அந்த மக்கள் விருப்பமாக இருந்த இடங்களில் ஒரு மாதிரி ஆனது. அவருக்குப் பின்னால் படையும் அரசாணையும் நின்ற இடங்களில் வேறு மாதிரி ஆனது. பைபிள் என்னவோ ஒன்றுதான்.

பழங்குடி என்று இங்கே யாரைச் சொல்கிறீர்கள்?

வெளியிலிருந்து ஓர் அரசோ குடியேறிகளோ வருவதற்கு முன்பே ஒரு நிலத்தில் வாழ்ந்து, இன்றும் தங்களைத் தனி மக்களாக நினைப்பவர்கள். அமெரிக்கக் கண்டங்களின் பூர்வகுடிகள், ஆஸ்திரேலிய ஆதிவாசிகள், நியூசிலாந்தின் மாவோரிகள், வட ஐரோப்பாவின் சாமி மக்கள், இந்தியாவின் முண்டா, மிசோ, நாகா, மேகாலயாவின் காசி மக்கள் எல்லாரும் இதில் அடக்கம். இவர்கள் எல்லாருக்கும் பொருந்துகிற ஒரே பதில் கிடையாது, அதனால் ஊர் ஊராகத்தான் பேச வேண்டியிருக்கிறது.

போப் எழுதிக் கொடுத்த தாளை வைத்து நிலத்தைப் பிடித்தார்கள் என்கிறார்களே, மிகைப்படுத்தல் இல்லையா?

இல்லை. 1455-இல் போப் ஐந்தாம் நிக்கோலஸ் போர்ச்சுகலுக்கும், 1493-இல் போப் ஆறாம் அலெக்சாண்டர் ஸ்பெயினுக்கும் கொடுத்த ஆணைகள் இருக்கின்றன. கிறித்தவ அரசர் யாரும் ஆளாத நிலத்தைக் கண்டால் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் சாரம். அங்கே ஏற்கெனவே மனிதர்கள் வாழ்வது ஒரு தடையாகவே கருதப்படவில்லை.

இதைவிட வினோதமான தாள் ஒன்று உண்டு. 1513-இல் ஸ்பெயினில் ஓர் அறிவிப்பைத் தயாரித்தார்கள். புது ஊரைத் தாக்கும் முன் படைத்தலைவன் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். உலகத்தைப் படைத்த கடவுள், அவருடைய பிரதிநிதியான போப், போப் இந்த நிலத்தை எங்கள் அரசருக்குக் கொடுத்துவிட்டார், ஆகவே பணியுங்கள், பணியாவிட்டால் உங்களையும் பெண்டு பிள்ளைகளையும் அடிமையாக்குவோம், அதில் வரும் சாவுக்கெல்லாம் நீங்களே பொறுப்பு. வாசித்தது ஸ்பானிய மொழியில். கேட்டவர்களுக்கு ஒரு சொல்கூடப் புரியாது. ஆளே இல்லாத கடற்கரையிலும் கப்பலில் நின்றபடியும் வாசித்த கதைகள் உண்டு. வாசித்தாகிவிட்டது, சட்டப்படி எல்லாம் சரி!

சிரித்துவிட்டுப் போக முடியாது, ஏனென்றால் அந்தச் சிந்தனை நீதிமன்றத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. 1823-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ‘கண்டுபிடித்த’ ஐரோப்பிய நாட்டுக்கே நிலத்தின் மூல உரிமை, பூர்வகுடிகளுக்கு அதில் குடியிருக்கும் உரிமை மட்டும்தான் என்று தீர்ப்புச் சொன்னது. 2005-இல் ஒனைடா என்ற பூர்வகுடி மக்களின் வழக்கிலும் அதே நீதிமன்றம் இந்தக் கோட்பாட்டைத் தொட்டுக் காட்டியது. வத்திக்கான் இதை வெளிப்படையாகக் கைவிட்டது 2023 மார்ச்சில். 1493-இலிருந்து எண்ணினால் 530 வருஷம்.

சபைக்குள் ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லையா?

பேசினார்கள், அதுவும் ஆரம்பத்திலேயே. 1511 டிசம்பரில், கரீபியக் கடலின் ஹிஸ்பானியோலா தீவில், அன்டோனியோ டி மான்டெசினோஸ் என்ற டொமினிக்கன் துறவி பிரசங்க மேடையில் ஏறி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நிலக்கிழார்களைப் பார்த்து “இவர்கள் மனிதர்கள் இல்லையா?” என்று கேட்டார். பூர்வகுடிகளை வேலைக்குக் கட்டி வைத்திருந்தவர்களில் அப்போது பார்தொலோமே டி லாஸ் காசாஸும் ஒருவர். சில வருஷம் கழித்து அவர் தம்மிடம் இருந்தவர்களை விட்டுவிட்டு, மீதி வாழ்நாள் முழுவதும் பூர்வகுடிகளுக்காக வாதாடினார். 1537-இல் போப் மூன்றாம் பவுல், இவர்கள் உண்மையான மனிதர்கள், கிறித்தவர்களாக இல்லாவிட்டாலும் இவர்களுடைய விடுதலையையும் சொத்தையும் பறிக்கக் கூடாது என்று ஆணையிட்டார். 1550-51-இல் ஸ்பெயினின் வல்லாதோலித் நகரில், இவர்கள் பிறவியிலேயே அடிமைகள் என்று வாதிட்ட செபுல்வேதா என்ற அறிஞருக்கு லாஸ் காசாஸ் பதில் சொன்னார்.

ஆனால் அவரையும் ஒரேயடியாகத் தூக்கி வைக்க வேண்டாம். பூர்வகுடிகளின் சுமையைக் குறைக்க ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவரலாம் என்று ஒரு காலத்தில் யோசனை சொன்னவரும் அவரே. பிறகு அதற்காக மனம் நொந்து எழுதினார்.

எனக்குப் பிடித்த எதிர்ப்பாளர் வேறொருவர், சாமுவேல் வூஸ்டர். அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களோடு வாழ்ந்த மிஷனரி, அவர்கள் 1828-இல் தொடங்கிய பத்திரிகைக்குத் துணை நின்றவர். அந்த நிலத்தில் இருக்க வேண்டுமானால் மாநில அரசுக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று ஜார்ஜியா சட்டம் போட்டபோது மறுத்தார், நாலு வருஷக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. 1832-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கமும் செரோக்கிகள் பக்கமும் தீர்ப்பளித்தது. தீர்ப்பை யாரும் மதிக்கவில்லை. 1838-39-இல் செரோக்கிகளை மேற்கே விரட்டியபோது வழியிலும் முகாம்களிலும் ஏறத்தாழ 4,000 பேர் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு.

பெரும்பாலானவர்களைக் கொன்றது நோய்தானே? அதற்கு மதம் என்ன செய்யும்?

பெரியம்மையும் தட்டம்மையும் மதம் பார்க்காது, சரி. ஆனால் சிதறி வாழ்ந்த மக்களை ஒரே வளாகத்துக்குள் கொண்டுவந்து நெருக்கமாக வைத்தால் நோய்க்கு வழி திறந்துவிட்ட மாதிரிதான். கலிபோர்னியாவில் 1769 முதல் பிரான்சிஸ்கன்கள் 21 மிஷன்களை அமைத்தார்கள். ஞானஸ்நானம் எடுத்த பிறகு நினைத்தபடி ஊருக்குத் திரும்ப முடியாது, ஓடினால் சிப்பாய்கள் பிடித்து வருவார்கள், சவுக்கடி உண்டு. அங்கே பிறந்தவர்களைவிட இறந்தவர்கள் அதிகம். இவற்றைத் தொடங்கி வைத்த ஹூனிபெரோ செர்ராவுக்கு 2015-இல் புனிதர் பட்டம் கொடுத்தபோது அந்த மக்களின் வாரிசுகள் பலர் கொதித்ததற்கு இதுதான் காரணம்.

பராகுவேயில் ஜெசூட்கள் நடத்தியது பொற்காலம் என்கிறார்களே?

பொற்காலம் என்பது அதிகம், அண்டை இடங்களோடு ஒப்பிட்டால் நிழல் என்று சொல்லலாம். 1609 முதல் குவாரனி மக்களுக்காக இயேசு சபையினர் (ஜெசூட்கள்) ஊர்களை அமைத்தார்கள், உச்சத்தில் 30 ஊர்கள். வெளியே பிரேசிலின் சாவோ பாவ்லோவிலிருந்து அடிமை பிடிக்க வரும் கும்பல்கள், உள்ளே வந்தால் மணியடித்து எழுப்பி, மணியடித்துத் தூங்க வைக்கும் பாதிரியார்கள். குவாரனிகள் பலர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். 1641-இல் துப்பாக்கி ஏந்திய குவாரனிகளே ம்பொரொரே என்ற இடத்தில் அடிமை பிடிப்பவர்களை அடித்துத் துரத்தினார்கள்.

அப்புறம் 1750-இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் எங்கோ உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டு, ஏழு ஊர்களைக் காலி செய்யச் சொல்லின. மக்கள் மறுத்தார்கள், போர் வந்தது, 1756 பிப்ரவரியில் அவர்களுடைய தலைவர் சேப்பே தியராஜு கொல்லப்பட்டார், மூன்று நாள் கழித்து சுமார் 1,500 குவாரனிகள் ஒரே சண்டையில் செத்தார்கள். 1767-இல் ஜெசூட்களையே ஸ்பெயின் அரசர் வெளியேற்றிவிட்டார். பாதிரியார்கள் தந்தை, மக்கள் பிள்ளைகள் என்ற ஏற்பாட்டில் உள்ள கோளாறு அன்றைக்குத் தெரிந்தது. தந்தையைத் தூக்கிக்கொண்டு போனதும் ஊர்கள் மளமளவென்று கலைந்தன. ஆனால் மொழி நின்றது. 1992 அரசியல் சட்டப்படி குவாரனி பராகுவேயின் அலுவல் மொழி, பூர்வகுடி அல்லாதவர்களும் வீட்டில் பேசுகிறார்கள். அமெரிக்கக் கண்டங்களில் இப்படி இன்னொரு நாட்டைக் காட்டுவது கஷ்டம்.

விடுதிப் பள்ளிகளில் உண்மையில் என்ன நடந்தது?

இந்தப் பக்கத்திலேயே கனமான கேள்வி இதுதான். கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான இந்தப் பள்ளிகளை, அரசு பணம் கொடுக்க, கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன் சபைகள் நடத்தின. ஒரு நூற்றாண்டுக்கு மேல், 1990-கள் வரைக்கும், ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் இவற்றுக்குள் போய் வந்தார்கள், அல்லது போனார்கள், வரவில்லை. 1920-இல் சட்டத்தைத் திருத்தி அனுப்பியே ஆக வேண்டும் என்று ஆக்கினார்கள். முடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள், சில பள்ளிகளில் பெயருக்குப் பதில் எண். தாய்மொழியில் பேசினால் அடி. அண்ணன் தங்கை ஒரே பள்ளியில் இருந்தும் பேசிக்கொள்ள விடவில்லை. காசநோய் பரவிய படுக்கையறைகளைப் பார்த்துவிட்டு பீட்டர் பிரைஸ் என்ற அரசு மருத்துவர் 1907-இலேயே அறிக்கை கொடுத்தார். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல அதன் பிறகு யாருக்கும் வழியில்லை. பாலியல் கொடுமைகள் பல பள்ளிகளில் நடந்ததும் பதிவாகியிருக்கிறது. இறந்த பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலில் இன்று 4,100-க்கும் மேற்பட்ட பெயர்கள். 2015-இல் அறிக்கை கொடுத்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் இதற்கு வைத்த பெயர் பண்பாட்டு இனப்படுகொலை.

அமெரிக்காவிலும் இதே கதை. 1879-இல் கார்லைல் பள்ளியைத் தொடங்கிய ரிச்சர்ட் பிராட், உள்ளே இருக்கும் இந்தியனைக் கொன்று மனிதனைக் காப்பாற்ற வேண்டும் என்ற கொள்கையை ஒளிவு மறைவில்லாமல் மேடையில் பேசினார். அரசின் 2024 அறிக்கை 417 பள்ளிகளையும், குறைந்தது 973 பிள்ளைகளின் சாவையும் கணக்கில் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து மிஷன்களிலும் விடுதிகளிலும் வளர்த்தார்கள், அதைப் பற்றிய பெரிய விசாரணை அறிக்கை 1997-இல் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, பெற்றோர் மதம் மாறியிருந்தார்களா என்பது ஒரு பொருட்டாகவே இல்லை. கிறித்தவக் குடும்பத்துப் பிள்ளைகளையும் எடுத்துப் போனார்கள். நோக்கம் வேதம் சொல்லிக்கொடுப்பதோடு நின்றிருந்தால் அவர்களை ஏன் எடுக்க வேண்டும்? அடுத்த தலைமுறைக்கு அந்த நிலத்தின் மேல் உரிமை கேட்கத் தோன்றக் கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் அங்கே படித்துத்தானே பலர் தலைவர்கள் ஆனார்கள்?

ஆனார்கள். ஜார்ஜ் மானுவல் கனடாவின் கம்லூப்ஸ் விடுதிப் பள்ளியில் இருந்தவர், 1975-இல் உலகப் பூர்வகுடிகள் பேரவையின் முதல் தலைவர். வெவ்வேறு குடிகளைச் சேர்ந்தவர்களுக்குப் பொது மொழியும் அறிமுகமும் அங்கே கிடைத்தது உண்மை. சிறையில் பட்டம் வாங்கியவர்கள்கூட உண்டு, அதற்காகச் சிறைக்கு யாரும் நன்றிக் கூட்டம் போடுவதில்லை.

பழங்குடி மொழிகளைக் காப்பாற்றியதே மிஷனரிகள்தானே?

எனக்கு மிகவும் ஆர்வமான பகுதி, கொஞ்சம் நீளும்.

1663-இல் ஜான் எலியட் என்ற போதகர் மாஸசூசெட்ஸ் பகுதிப் பூர்வகுடிகளின் மொழியில் முழு பைபிளை அச்சிட்டார். அமெரிக்காவில் அச்சான முதல் முழு பைபிள் அதுதான், ஆங்கில பைபிள் அங்கே அச்சாவதற்கு இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் இருந்தது. எழுத்துக் கோத்தவர் நிப்மக் குடியைச் சேர்ந்த ஒருவர், தொழிலே பெயராகி ஜேம்ஸ் பிரின்ட்டர் என்று அழைக்கப்பட்டார். 1675-இல் குடியேறிகளுக்கும் பூர்வகுடிகளுக்கும் போர் வெடித்தபோது, ஞானஸ்நானம் எடுத்து, ஆங்கிலேய உடை உடுத்தி, அதே பைபிளைப் படித்துக்கொண்டிருந்த மக்களை டீர் தீவில் குளிர்காலத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள். பலர் பசியிலும் குளிரிலும் செத்தார்கள். மதம் மாறினால் நம்மில் ஒருவராக ஏற்பார்கள் என்ற வாக்குறுதிக்கு அன்றைக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

அந்த மொழி பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேச ஆளில்லாமல் போயிற்று. 1993 வாக்கில் ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் என்ற வாம்பனோவாக் பெண் அதை மீட்க இறங்கினார், மொழியியல் படித்தார், எலியட் பைபிளையும் பழைய பத்திரங்களையும் வைத்துச் சொல் சொல்லாகத் தோண்டினார். இன்று பிள்ளைகள் அதில் பேசுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் லான்சலாட் த்ரெல்கெல்ட் என்ற மிஷனரியும் அவாபகல் குடியைச் சேர்ந்த பிராபானும் சேர்ந்து லூக்கா சுவிசேஷத்தை மொழிபெயர்த்தார்கள். அந்த மொழியை மீட்கிறவர்களுக்கு இன்று அவைதான் ஆதாரம். தைவானின் சிராயா மக்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். டச்சு மிஷனரிகள் பதினேழாம் நூற்றாண்டில் கொடுத்துவிட்டுப் போன ரோமன் எழுத்தை, டச்சுக்காரர்கள் 1662-இல் ஓட்டப்பட்ட பிறகும், சுமார் 150 வருஷம் நிலப் பத்திரம் எழுதப் பயன்படுத்தினார்கள். போதகர் ஜெபத்துக்குக் கொடுத்த எழுத்து, அவர்கள் நிலத்தைக் காக்க எழுதிக்கொண்டார்கள்.

மறுபக்கமும் உண்டு. பைபிளுக்கு எடுத்துக்கொண்ட வட்டார வழக்கு மேலே வந்தது, பக்கத்து வழக்குகள் தேய்ந்தன. பழைய கதை, சடங்குப் பாட்டு போன்றவை எழுதத் தகாதவை என்று விடப்பட்டன. மொழிபெயர்ப்பே வம்பான இடமும் உண்டு: 1840-இல் பிரிட்டிஷ் அரசுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் நடந்த வைதாங்கி ஒப்பந்தத்தை மாவோரியில் எழுதியவர் ஹென்றி வில்லியம்ஸ் என்ற மிஷனரி. ஆங்கிலத்தில் முழு இறையாண்மை என்று இருந்ததை, ‘ஆளுநர்’ என்ற சொல்லிலிருந்து மிஷனரிகளே உண்டாக்கிய ‘காவனதங்கா’ என்ற சொல்லால் பெயர்த்தார், அதாவது நிர்வாகம். தலைவர்கள் நிர்வாகத்தைத்தான் கொடுத்தோம் என்று நினைத்தார்கள். நியூசிலாந்தில் இன்றும் ஓயாத வாதம் அது.

மிசோரம், நாகாலாந்தில் கிட்டத்தட்ட எல்லாரும் எப்படி மாறினார்கள்? வற்புறுத்தலா?

2011 கணக்கெடுப்பில் நாகாலாந்தில் கிறித்தவர்கள் 87.93 சதவீதம், மிசோரத்தில் 87.16. இதைப் பார்த்துவிட்டு வெள்ளைக்காரன் மாற்றிவிட்டுப் போனான் என்று முடிவு கட்டுகிறார்கள். தேதிகளைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. நாகாலாந்து பகுதியில் 1951-இல் கிறித்தவர்கள் சுமார் 46 சதவீதம், 1981-இல் 80. பெரிய ஏற்றம் நடந்தபோது பிரிட்டிஷ் ஆட்சியும் இல்லை, அமெரிக்க மிஷனரிகளும் வெளியேறிவிட்டார்கள். ஊர் ஊராகப் போனது நாகா போதகர்களே. இந்திய அரசோடு மோதல் நடந்த அந்தக் காலத்தில் கிறித்தவம் நாகா அடையாளத்தோடு சேர்ந்துகொண்டது ஒரு முக்கியக் காரணம்.

மிசோ மலைக்கு லோரெய்ன், சேவிட்ஜ் என்ற இரண்டு பிரிட்டிஷ் மிஷனரிகள் வந்து சேர்ந்தது 1894 ஜனவரி 11. நாலே வருஷத்துக்குள் எழுத்து, பாடநூல், சுவிசேஷ மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் வந்து சேர்ந்த நாள் மிசோரத்தில் அரசு விடுமுறை. பிறகு சபையைத் தூக்கி நிறுத்தியது மிசோ பெண்களின் பிடி அரிசி. 1910 வாக்கில் தொடங்கிய ‘புஹ்ஃபாய் தாம்’ வழக்கப்படி ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைச் சபைக்கு எடுத்து வைப்பார்கள், இன்றும் வைக்கிறார்கள். காசு இல்லாத வீட்டிலும் அரிசி இருக்கும் அல்லவா.

மிஷனும் ஆட்சியும் எப்போதும் கைகோத்து நடந்தன என்பவர்கள் பீட்டர் ஃபிரேசர் கதையைப் படிக்க வேண்டும். 1908-இல் வந்த வேல்ஸ் மிஷன் மருத்துவர். மிசோ தலைவர்களின் வீடுகளில் ‘பொய்’ (bawi, மிசோ மொழிச் சொல்) என்ற பெயரில் இருந்த கொத்தடிமை முறையை எதிர்த்தார். ஊர்த் தலைவர்களைப் பகைத்துக்கொள்ள விரும்பாத பிரிட்டிஷ் அதிகாரிகள் அவரை மலையில் இருக்கவே விடவில்லை.

இழப்பு இல்லையா? நிறைய. நாகாக்களின் இளைஞர் மண்டபமான மொரங் வெறிச்சோடியது, அரிசி மது பாவம் ஆனது, ஊருக்கே விருந்து வைக்கும் சடங்குகள் நின்றன. அங்கே இருந்த பிரிட்டிஷ் அதிகாரி ஜே.பி. மில்ஸே பாப்டிஸ்டுகளின் இந்தக் கடுமையைக் குறை சொன்னார். மேகாலயாவில் 1899-இல் 16 காசி இளைஞர்கள் சேர்ந்து பழைய நம்பிக்கையைக் காக்க ‘செங் காசி’ அமைப்பைத் தொடங்கினார்கள், இன்றும் நடக்கிறது. அதே சமயம், கிறித்தவரான காசிக் குடும்பங்களிலும் குலப்பெயர் அம்மா வழிதான், பரம்பரை வீடு கடைக்குட்டி மகளுக்குத்தான். வேல்ஸ் மிஷனரிகளின் தந்தைவழிப் பழக்கம் அங்கே எடுபடவே இல்லை.

பீர்சா முண்டா மிஷன் பள்ளியில் படித்தவர் என்பது உண்மையா?

உண்மை. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து எழுந்த முண்டா தலைவரான அவர், இன்றைய ஜார்க்கண்டின் சாய்பாசாவில் ஜெர்மன் மிஷன் பள்ளியில் படித்தார், பிறகு விலகினார். துரைகள் எல்லாருக்கும் ஒரே தொப்பிதான் என்று அவர் சொன்னதாக இன்றும் சொல்வார்கள்; பாதிரியாரும் அதிகாரியும் ஒன்று என்று பொருள். 1899-1900-இல் அவர் நடத்திய உல்குலான் எழுச்சி மிஷன்களையும் குறி வைத்தது. ஆனாலும் அவருடைய போதனையில் ஒரே கடவுள், ஒழுக்கம், வரப்போகும் ராஜ்யம் எல்லாம் கலந்திருந்தன, பள்ளியில் கேட்டதின் எதிரொலி அதில் இல்லை என்று சொல்ல முடியாது.

பீர்சாவின் பகுதியான சோட்டாநாக்பூரில் மக்கள் கூட்டம் கூட்டமாக மாறியதற்கு நிலம் முக்கியக் காரணம். 1885-இல் வந்த கான்ஸ்டன்ட் லீவன்ஸ் என்ற ஜெசூட், ஜமீன்தார்களுக்கு எதிரான வழக்குகளில் முண்டா, ஒராவோன் விவசாயிகளுக்கு உதவினார். கோர்ட்டில் துணை நிற்பவர் கடவுளையும் நம்பிப் பார்க்கலாமே என்று மக்கள் நினைத்ததில் தப்பில்லை. பீர்சா சிறையில் இறந்த பிறகு 1908-இல் வந்த சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம், ஆதிவாசி நிலம் வெளியாருக்குப் போவதைத் தடுத்தது; அதை வடிவமைப்பதில் ஜான் ஹாஃப்மன் என்ற இன்னொரு ஜெசூட்டுக்குப் பங்கு உண்டு. எழுச்சி இல்லாமல் அந்தச் சட்டம் வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

மதம் மாறினால் பழங்குடி அந்தஸ்து போய்விடுமா?

இந்தியச் சட்டப்படி போகாது. 1950-இன் பட்டியல் சாதிகள் ஆணையில் மத நிபந்தனை உண்டு, பட்டியல் பழங்குடிகள் ஆணையில் இல்லை. மாறியவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லும் கோரிக்கை ஒரு பக்கம் நடக்கிறது. இன்னொரு பக்கம், நாங்கள் இந்துவும் இல்லை கிறித்தவரும் இல்லை, கணக்கெடுப்பில் எங்கள் இயற்கை வழிபாடான சர்னா மதத்துக்குத் தனிக் கட்டம் வேண்டும் என்கிற கோரிக்கை. 2020-இல் ஜார்க்கண்ட் சட்டமன்றம் அதற்குத் தீர்மானமே போட்டது. மற்றவர்கள் இவர்களை எந்தப் பெட்டியில் போடலாம் என்று சண்டை போடும்போது, இவர்கள் தங்களுக்கு ஒரு பெட்டி கேட்கிறார்கள்.

மாறியவர்கள் பழைய தெய்வங்களை முழுசாக விட்டுவிட்டார்களா?

சிலர் விட்டார்கள், பலர் இல்லை. மெக்சிகோவின் சியாபாஸில் சான் ஹுவான் சமுலா கோயிலுக்குள் பெஞ்சே கிடையாது. தரையில் பைன் இலைகளைப் பரப்பி, வரிசை வரிசையாக மெழுகுவர்த்தி ஏற்றி, ட்ஸோட்ஸில் மொழியில் வைத்தியம் பார்க்கிறார்கள், சுற்றி நிற்பதெல்லாம் கத்தோலிக்கப் புனிதர்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளான லகோட்டாக்களின் ஞானி பிளாக் எல்க், 1890-இல் அமெரிக்கப் படை லகோட்டாக்களைக் கொன்ற வூண்டட் நீ படுகொலையின்போது பக்கத்தில் இருந்தவர், 1904-இல் ஞானஸ்நானம் பெற்று உபதேசியாராக ஊர் ஊராகப் போனார், வயதான பிறகு பழைய தரிசனங்களையும் விவரமாகச் சொன்னார். எது உண்மையான பிளாக் எல்க் என்று கேட்டுக் கேட்டு வெளியார் களைத்துப் போனார்கள். நியூசிலாந்தில் மாவோரித் தலைவர் தே கூட்டி 1868-இல் தொடங்கிய ரிங்காத்து மதத்தில், எகிப்திலிருந்து தப்பிய இஸ்ரவேலரின் இடத்தில் மாவோரிகள் தங்களையே வைத்துப் படித்தார்கள். பிரிட்டிஷ்காரர் கொடுத்த புத்தகத்திலேயே பார்வோன் யார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்!

எல்லா இடத்திலும் பழைய மதத்தை உடைத்தது மிஷனரிதானா?

இல்லை. ஹவாயில் ஆணும் பெண்ணும் சேர்ந்து சாப்பிடக் கூடாது என்பது போன்ற ‘கபு’ விலக்குகளை 1819-இல் உடைத்தது அவர்களுடைய ராணி காஹுமானுவும் அரசர் லிஹோலிஹோவும். மிஷனரிகள் கப்பலிலிருந்து இறங்கியது 1820-இல்.

இன்னும் வெளித்தொடர்பே இல்லாத மக்களிடம் மதம் சொல்லப் போகலாமா?

கூடாது. இதில் நான் நடுநிலை காட்டப் போவதில்லை. 2018 நவம்பரில் அந்தமானின் வட சென்டினல் தீவுக்குச் சட்டத்தை மீறிப் போன அமெரிக்க இளைஞர் அம்பு பட்டு இறந்தார். அவருடைய விசுவாசம் உண்மையானது என்றே வைத்துக்கொள்வோம், அவர் மூச்சில் இருக்கும் கிருமிக்கு விசுவாசம் தெரியாது. அந்தத் தீவினருக்குப் பழைய அனுபவமும் உண்டு: 1880-இல் பிரிட்டிஷ் அதிகாரி போர்ட்மன் ஒரு வயதான ஜோடியையும் நாலு பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போர்ட் பிளேருக்குப் போனார், பெரியவர்கள் இருவரும் நோய் வந்து செத்தார்கள், பிள்ளைகளைப் பரிசுப் பொருளோடு திருப்பி அனுப்பினார். பராகுவேயின் சாக்கோ காட்டில் 1986-இல்கூட, மிஷன் குடியிருப்பில் இருந்த அயொரேயோ மக்களைக் காட்டுக்குள் இருந்த உறவினரைக் கூட்டிவர அனுப்பி, அதில் உயிர்கள் போயின. பிரேசில் 1987-இல் தானாக யாரையும் தொடர்புகொள்வதில்லை என்று கொள்கையை மாற்றிக்கொண்டது.

சபைகள் மன்னிப்புக் கேட்டார்களே, போதாதா?

கனடாவின் ஐக்கிய சபை 1986-இல், ஆங்கிலிக்கன் சபை 1993-இல், கனடா அரசு 2008-இல், ஸ்வீடன் சபை சாமி மக்களிடம் 2021-இல். போப் பிரான்சிஸ் 2022 ஜூலையில் ஆல்பர்ட்டாவின் மஸ்க்வாசிஸுக்கே போய்க் கேட்டார். கேட்டவர்களில் அழுதவர்களும் உண்டு, நிறுவனம் என்ற முறையில் கத்தோலிக்கச் சபை கேட்கவில்லையே, சில கிறித்தவர்கள் செய்ததற்காகத்தானே கேட்கிறார் என்று எழுந்து போனவர்களும் உண்டு. வார்த்தைக்குப் பிறகு பதிவேடு, நிலம், அருங்காட்சியகங்களில் இருக்கும் பொருள் எல்லாம் வர வேண்டும் என்பது அவர்கள் கேட்பது. அந்தப் பதிவேடுகளில் எந்தப் பிள்ளை எங்கே புதைக்கப்பட்டது என்ற தகவல் இருக்கலாம், அதனால் அதுதான் அவசரம்.

தடை செய்த பாட்டும் மேளமும் திரும்பி வந்தனவா?

சில வந்தன. வட நார்வேயில் 1691-இல் ஆண்டர்ஸ் பௌல்சன் என்ற சாமி முதியவரிடமிருந்து அவருடைய மேளத்தைப் பிடுங்கி, சூனிய வழக்குப் போட்டார்கள். தீர்ப்பு வரும் முன்பே காவலில் அவர் கொல்லப்பட்டார். மேளம் டென்மார்க் போய்ச் சேர்ந்தது, 2022-இல் நார்வேயின் காராஷோக்கில் உள்ள சாமி அருங்காட்சியகத்துக்கே சொந்தமானது. பொலிவியாவின் சிகிதோஸ் பகுதியில் ஜெசூட்கள் 1767-இல் போன பிறகும் உள்ளூர் மக்கள் அந்த இசைக் குறிப்புகளைக் கையால் நகல் எடுத்து எடுத்துக் காத்து வைத்திருந்தார்கள், 1970-களில் பழைய கோயில்களைப் புதுப்பித்தபோது ஆயிரக்கணக்கான பக்கங்கள் கிடைத்தன. மிசோக்களின் ‘குவாங்’ மேளம் குடியோடும் பழைய பண்டிகையோடும் சேர்ந்தது என்று முதலில் சபைக்கு வெளியே நிறுத்தி வைக்கப்பட்டது. 1919-ஐ ஒட்டி வந்த எழுப்புதல் அலையில் மக்கள் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். இன்றைக்கு அங்கே மேளம் இல்லாத சபையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.